பாப்பாவின் காதுகுத்தும் மஸ்தான் பாயின் மடியும்

ஆவணி 4, திங்கள்

வெயில் ஜாஸ்தி. தோல் பதனிடும் ஷாப்பில் இன்று ஆயிரம் ஆட்டுத்தோல் தரம் பிரித்தேன். (சரி, அறுநூறு.) கண்ணை மூடித் தொட்டே எந்த ஊர் ஆடு என்று சொல்லிவிடுவேன். ஆம்பூரில் வேறு ஆள் இல்லை.

சாயங்காலம் தங்கச்சி சரசு வீடு. வெள்ளிக்கிழமை அவள் பாப்பாவுக்குக் காது குத்து. பக்கத்து வீட்டு மஸ்தான் பாய் மடியில் உட்கார வைக்கலாமா என்று யோசிக்கிறாளாம். தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது. கோபத்தில் சாப்பிடாமல் வந்துவிட்டேன். இரண்டு வடை மட்டும்.

செவ்வாய்

சரசு புருஷன் சயன்ஸ் வாத்தியார். குரங்கிலிருந்து மனிதன் வந்ததெல்லாம் சொல்வார். நியாயம் கேட்டேன்.

"பாசமும் அப்படி வந்ததுதான் மச்சான். சொந்த ரத்தத்தைக் காப்பாத்துன பிராணியோட வம்சம் நின்னுச்சு. அந்த குணம் நமக்கும் வந்துச்சு."

"அப்ப சயன்ஸ்படியே என் மடிதான்."

அடுப்படியிலிருந்து சரசு: "பாப்பாவுக்கு ஜுரம் கண்டப்ப அந்த ரத்தம் எங்க போச்சுண்ணா? பாய்தான வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடினாரு."

அன்று நான் குடியாத்தத்தில், சேவல் சண்டையில். சேதி வந்தது. சண்டை முடியட்டும் என்று இருந்துவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மாப்பிள்ளை அதற்கும் ஒரு சயன்ஸ் சொன்னார். "இன்னிக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. பாய் செஞ்சது அந்தக் கணக்கு."

புதன்

தூறல். பாயையே கேட்டேன்.

"எதுக்கு பாய் ஓடின? இன்னா கிடைக்கும்னு?"

"கொழந்த ஒடம்பு கொதிக்குது. அப்ப இன்னாத்த யோசிக்கிறது?" பிறகு, "மாமன் நீதாம்பா. மடி உன்னுது. நான் வாசல்ல நின்னுக்கிறேன்."

விட்டுக்கொடுக்கவும் செய்கிறார். அது இன்னும் எரிகிறது. மாப்பிள்ளையிடம் சொன்னேன். தலையைச் சொறிந்தார். "இதுக்கு இன்னும் படிக்கணும் மச்சான்."

வெள்ளி

புது வேட்டி. என் மடி. நூறு பேராவது கூட்டம். ஆசாரி ஊசியை எடுத்ததும் பாப்பா வீறிட்டு, வாசலில் நின்ற பாயிடம் கை நீட்டினாள். இறுக்கிப் பிடித்தேன். திமிறல்.

"அசையாம புடிங்க, காது கிழிஞ்சிடும்," என்றார் ஆசாரி.

நான்தான் கூப்பிட்டேன். "பாய், வந்து குந்து." என் கையாலேயே தூக்கி அவர் மடியில் வைத்தேன். அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு பாப்பா விசும்பினாள், திமிறவில்லை. இரண்டு காதும் ஆச்சு.

"ஏன் மச்சான் குடுத்துட்டீங்க?"

"நீங்கதான் படிச்சவரு, மாப்பிள்ளை. பார்த்துச் சொல்லுங்க."

வயிற்றெரிச்சல் போகவில்லை. நாளை முதல் சவரம் கிடையாது, எனக்கும் தாடி வளரட்டும்.