வளையல் ஏறிய கை

மதினி,

இன்று கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் மகளின், உங்கள் மருமகளின், மேற்கையில் டேப்பைச் சுற்றி அளந்தார். "நல்லா சதை பிடிச்சிருக்கும்மா" என்றார். உங்களிடம் சொல்லத் திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. நீங்கள் போய் ஒரு மாதம் ஆகியும் இந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது.

குறைமாதத்தில் பிறந்து, நுரையீரல் தேறாமல், ஆக்சிஜன் குழாயோடு கிடந்தவள். வீட்டுக்கு வந்தபிறகு எட்டயபுரத்திலிருந்து பஸ் ஏறி வாராவாரம் எடை பார்க்க வருவோம். எட்டாம் மாதம் ஒரே வாரத்தில் எடை மளமளவென்று ஏறியது. கன்னமும் உப்பியது. நான் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன்.

நீங்கள் மட்டும் மிட்டாயை வாயில் போடாமல், அவளுடைய கருவளையலை மெல்ல மேலே தள்ளிப் பார்த்தீர்கள். "போன மாசம் முழங்கையோட நின்னுது. இப்ப அதத் தாண்டிப் போகுதே. முகந்தான் ஊதியிருக்குட்டி, கை மெலியுது. டாக்டர்ட்ட காட்டுவோம்."

எனக்கு வந்ததே கோபம். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே.

"கண்ணு போடாதிய மதினி. பெத்திருந்தா தெரியும்."

பிள்ளையில்லை என்று பிறந்த வீட்டுக்கே, உங்கள் தம்பியிடமே, திருப்பி அனுப்பப்பட்டவர் நீங்கள். மிட்டாயை ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டீர்கள்.

நான்காம் நாள் அவளுக்கு மூச்சு இழுத்தது. டாக்டர் அவள் பாதத்தை விரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது. "ஏறினது சதையில்லம்மா, நீரு. குடிக்கிற பாலெல்லாம் மூச்சு விடுறதுக்கே செலவாயிருது" என்றார். கையை அளந்தார். குறைந்திருந்தது. "கொஞ்சம் முந்தியே வந்திருக்கலாம்."

மறுநாள் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்தீர்கள். "குடிட்டி. நீயும் விழுந்துட்டா பிள்ளைய யாரு பாப்பா?" அவ்வளவுதான். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். நீங்கள் திட்டாதது எனக்கு வசதியாகப் போயிற்று. வாராவாரம் வளையலைத் தள்ளிப் பார்த்து அவளைத் தேற்றினீர்கள்; நான் மன்னிப்புக் கேட்காமலே ஏழு வருஷம் ஓட்டிவிட்டேன்.

உங்களை எடுக்கிற அன்று, "நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளை இல்லாத சீவன்" என்று யாரோ சொன்னார்கள். உங்கள் மருமகள் ஓடி வந்து கை நீட்டினாள். புகை அவளுக்கு ஆகாதே. அவளை உள்ளே தள்ளிவிட்டுப் பந்தத்தை நான் வாங்கினேன். "நீ பிடிக்க முறையில்லட்டி" என்றார்கள்.

"இவிய காப்பாத்தின பிள்ளை அங்கன நிக்கா. அவளுக்காகப் பிடிக்கேன்" என்றேன்.

அதை ஊருக்குச் சொன்னேன். 'பெத்திருந்தா தெரியும்' என்றதை உங்களிடம் சொன்னேன். அதைத் திரும்ப வாங்க உங்களிடம்தான் வரவேண்டும், மதினி. எங்கே வருவேன்?