துவைக்காத துணி

அன்பு மனைவிக்கு,

பச்சை உடம்புக்காரி எப்படி இருக்கிறாய்? தையல் வலி குறைந்ததா? பண்டிகை லீவுக்கு வந்த கூட்டம் உன்னைத் தூங்க விடுகிறதா? நான் நலம்.

அக்கா போனில், "பொண்ணுடா! அப்படியே உன் மூக்கு!" என்றபோது ஓட்டல் சலவை அறையில் தனியாக இருந்தேன். மற்ற எல்லோருக்கும் விடுமுறை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாப்பாவுக்கு வாங்கியிருந்த கம்பளிச் சட்டையைப் படுக்கை விரிப்புகளோடு கொதிநீர் மெஷினில் போட்டுவிட்டேன். பொம்மைக்குத்தான் பத்தும். சிரிக்காதே. சுருங்காவிட்டாலும் என்ன, ஒப்பந்தம் முடிந்து நான் வரும்போது அவளுக்கு இரண்டு வயதாகியிருக்கும்.

ஒரே ஒரு உதவி. அவளைச் சுற்றி வைத்த துணி ஒன்றை அனுப்பு. மெஷின் நின்றுவிட்டது, போக வேண்டும். அந்தத் துணியைத் துவைத்துவிடாதே. இங்கே எல்லாமே சோப்பு வாசனைதான்.

உன்னவன்