உன் நிறத்தின் கவுன்டர் சாம்பிள்

தம்பி,

நேற்று எங்கள் வீட்டுக் குளியலறையில் பிளம்பர் வேலை பார்த்தார். வாஷ்பேசினுக்கும் சுவருக்கும் இடையில் சிலிகான் வைத்து, விரலால் இழுத்துவிட்டார். அந்த வினிகர் வாடை சமையலறை வரைக்கும் வந்தது. அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அதையும் மீறி வந்தது. நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"பாதி டியூப் மிச்சங்க. தூக்கிப் போட்டறட்டுங்களா?" என்றார் அவர்.

"போடாதீங்க. எனக்கு வேணும்."

"வேற எங்கீங்க ஒழுகுது?"

"எங்கயும் ஒழுகலீங்க. நீங்க குடுங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஒழுகாத வீட்டில் இந்த அம்மாவுக்குச் சிலிகான் எதற்கு என்று மண்டையைக் குடைந்துகொண்டே போயிருப்பார். உனக்குத் தெரியும் எதற்கென்று.

நம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார்கள். பஞ்சும் தூசியும் ஒட்டக் கூடாது என்பதற்காக. ஷிப்டு முடிந்ததும் அதைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு பஸ் ஏறுவார்கள். நீ மட்டும் கழற்ற மாட்டாய். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, செக்கிங் டேபிளில் நிற்கிற பெண் என்றுதான் உன்னை எல்லோருக்கும் தெரியும். சட்டையோடு வருவாய், சட்டையோடு போவாய். நான் அதே கம்பெனியில் பிரிண்டிங் பிரிவில் கலர் கலப்பவள். உன் டேபிளுக்கும் என் லேபுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவுதான். அந்தச் சட்டையை நான் முதலிலேயே கவனித்துவிட்டேன். ஆனால் கேட்கவில்லை. அவரவர் சட்டை அவரவருக்கு.

ஒரு நாள் டீ நேரத்தில் நீயாகவே வந்தாய்.

"யக்கா, ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டியளே?"

"சிரிக்கற மாதிரி இருந்தாச் சிரிப்பேன். கேளு."

"என்னைய தம்பின்னு கூப்பிடுவியளா?"

உன் கையிலிருந்த டம்ளரில் டீ அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அதுக்கென்ன, டீ ஆறுது பாரு. குடி தம்பி" என்றேன். இன்று திருநம்பி என்று அழகாக ஒரு சொல் வந்துவிட்டது. அன்று நம் இருவர் கையிலும் இருந்தது அந்தத் தம்பி ஒன்றுதான். அதையே வைத்துக்கொண்டு சமாளித்தோம்.

பிறகு அந்த டிபன் பாக்ஸ். இங்கே ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவதாக நீ ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் ஆசையாகத் திறந்தேன். உள்ளே பனியன் துணியில் சுற்றி ஓர் ஆணுறுப்பு. சிலிகானில் செய்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடிப் பிடித்து, பெங்களூரில் உன் மாதிரியே இருந்த ஒருவன் மூலமாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. வடிவத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நிறம்தான் வெள்ளைக்காரக் குழந்தையின் கன்னம் போல ரோஸ்.

"பெட்டிமேல ஸ்கின் கலர்னு போட்டிருக்கான்க்கா" என்றாய்.

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று பட்டது. எங்கள் ஷேடு கார்டிலும் ஸ்கின் என்று ஒரு நிறம் உண்டு. உள்ளாடை ஆர்டர் எது வந்தாலும் அது இருக்கும். வருஷக்கணக்காகக் கண்ணை மூடிக்கொண்டு கலந்திருக்கிறேன். யாருடைய தோல் அது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. திருப்பூரில் அந்த நிறத்தில் ஒரு மனுஷனையும் நான் பார்த்ததில்லை.

நீ அவசரத்தில் இருந்தாய். அடுத்த மாதம் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு மண்ணரைப் பக்கம், உன்னை முன்பின் தெரியாத பையன்களோடு ஒரு லைன் வீட்டு ரூமில் தங்கப் போகிறாய். வேறு கம்பெனியில், கட்டிங் பிரிவில், ஆணாக வேலை. அந்த லைன் வீடுகளில் ஆண்கள் எல்லோரும் வெட்டவெளித் தொட்டியில்தான் குளிப்பார்கள்.

"ஈரத்துண்டு கட்டுனா வடிவந்தானே தெரியும்? அதுதான் நல்லா இருக்குதே. கலரை யாரு பாக்கப் போறா?" என்று கேட்டேன்.

"நான் பாப்பேம்லா" என்றாய். "துண்டு நழுவுனா சோலி முடிஞ்சிதான். ஆனா அதுக்காவ இல்லக்கா. குனிஞ்சு பாத்தா அது என்னோடதா இருக்கணும். இது எவனோடதோ மாதிரி இருக்கு."

 செய்தே தீர்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில் நம் பிரிண்டிங் கலரைப் பூசினேன். காய்ந்ததும் வெயிலில் வெந்த தோல் போல உரிந்து வந்தது. சிலிகானில் சிலிகானைத் தவிர எதுவும் ஒட்டாது என்று அப்புறம்தான் விளங்கியது. ஹார்டுவேர் கடையில் கண்ணாடிக்கு வைக்கிற சிலிகான் டியூப் வாங்கி, டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்து, அதில் படம் வரைகிற ஆயில் கலரைக் கலந்தேன். அந்த வினிகர் வாடை அப்போது வீட்டுக்குள் நுழைந்ததுதான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலிகான் துண்டு வார்த்து, அதில்தான் முதலில் பூசிப் பார்த்தேன்.

"ஒத்துப் பாக்க ஒரு ஸ்டாண்டர்டு இல்லாம நான் எதையும் கலக்கறதில்ல. எங்க உன்ற ஸ்டாண்டர்டு?" என்றேன். நீ முழங்கையை நீட்டினாய். "அது வெயில்ல கெடக்கற கையி. ஆகாது. வெயில் படாத எடம் காட்டு. அதுலயும் அந்த எடம் இன்னும் ஒரு ஷேடு கருப்புதான் இருக்கும். எனக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு புள்ளைக இருக்குது, தெரியாமச் சொல்லல." நீ வெட்கத்தில் தலையைத் தூக்கவே இல்லை.

துண்டில் சரியாக வந்ததும் உறுப்பிலேயே பூசி, காய்வதற்காக பீரோமேல் வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏனுங்க, இது என்னதுங்க?"

"ஆர்டருங்க."

"எந்த பையருங்க?"

"லோக்கல்."

"ஓ" என்று பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த மனுஷனோடு காலம் தள்ளலாம்.

அடுத்த ஞாயிறு மொட்டை மாடிக்கு உன்னை வரச் சொன்னேன். எனக்கு ஏகப்பட்ட பெருமை. அத்தனை சுத்தமான ஷேடு. நீ அதைச் செக்கிங் டேபிளில் பீஸ் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"லெவலா இருக்குக்கா."

"லெவலாத்தான் இருக்கும். யாரு கலந்தது?"

"அதான்க்கா தப்பு."

எனக்கு வந்ததே கோபம். எங்கள் தொழிலில் லெவல் என்பதுதான் எல்லாம். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும் ஒரே நிறம். எங்கேயாவது திட்டுத் தெரிந்தால் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டுகிறவனே நீதான். அந்த நீ வந்து லெவலாக இருப்பது தப்பு என்கிறாய். பிரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். அந்த வாரம் முழுக்கக் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பவில்லை.

ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது, மேல்கம்பியைப் பிடித்திருந்த கைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். கணுவில் கருப்பு, நகத்தடியில் சிவப்பு, மணிக்கட்டில் பச்சையாக ஓடுகிற நரம்பு, மடிப்பில் ஒரு நிறம், மேட்டில் ஒரு நிறம். அத்தனை கையும் ரிஜெக்ட். லெவலான கை ஒன்றுகூட அந்த பஸ்ஸில் இல்லை. எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மா ஒதுங்கி நின்றாள்.

எத்தனையோ வருஷம் விரட்டி விரட்டி ஒழித்த திட்டுகளை, மறுபடி உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரவழைத்தேன். பஞ்சில் தொட்டு ஒற்றினேன். பழைய டூத்பிரஷ்ஷில் கலரை எடுத்து விரலால் தெறிக்கவிட்டேன். நரம்புக்கு நீலத்தில் பச்சை சேர்த்து, அதன்மேல் மெல்லிசாக ஒரு பூச்சு. டியூப்லைட்டில் பார்த்தது போதாதென்று வெயிலில் பார்த்தேன், நிழலில் பார்த்தேன். சரியாக வரும்வரை துடைத்துத் துடைத்துப் போட்டேன்.

நீ வந்தாய். உன் மேல்கையின் உள்பக்கத்தோடு சேர்த்து வைத்து வெயிலில் பிடித்தாய். பிடித்தபடியே நின்றாய்.

"அப்ரூவ்டுக்கா" என்றாய் கடைசியில்.

சாம்பிள் அப்ரூவ் ஆனால் எங்கள் வழக்கத்தில் அடுத்தது பல்க், அதாவது ஆயிரக்கணக்கில் அடிப்பது. "அப்பறமென்ன, பல்க் போட்டறலாமா தம்பி?" என்றேன்.

"ஒண்ணு போதும்க்கா."

சிரித்தோம். பக்கத்து மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். அப்படியே நீ அழ ஆரம்பித்தாய். நான் பூசிப் பார்த்த துண்டை எடுத்து, லேபில் செய்வதுபோலவே இரண்டாக வெட்டினேன். பாதி ஆர்டர் கொடுத்த பையருக்கு, பாதி எங்களுக்கு. ஆர்டர் ஓடுகிறவரைக்கும் எங்கள் பாதியை, அந்தக் கவுன்டர் சாம்பிளை, நாங்கள் தூக்கிப் போடக் கூடாது. உன் பாதியை நீ பர்ஸில் வைத்துக்கொண்டாய்.

அதற்கப்புறம் நீ வாழ்ந்த வருஷங்களை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். ரூமில் எல்லோரும் உன்னை மாப்ள என்றார்கள். ஹார்மோன் ஊசியில் மீசை லேசாக வந்தபோது தினம் அதைத் தடவிக்கொண்டே பேசினாய். ஊரிலிருந்து அம்மா போன் செய்து பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நீ பொறுமையாகப் பதில் சொல்வாய். "வேட்டி கெட்டி ஒரு நாளு ஊருக்குப் போவணும்க்கா. எங்கம்மா பாக்கணும்" என்பாய்.

அதற்குள் காமாலை வந்தது. நாட்டு மருந்து, பத்தியம் என்று தள்ளிப்போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனபோது மிஞ்சிவிட்டது. நான் எவ்வளவு கத்தினேன் உன்னிடம். இப்போதும் அந்தக் கோபம் போகவில்லை.

நீ கண்மூடிய அன்று அம்மாவும் சித்தியும் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில் உன்னைக் கழுவித் துடைக்க வேண்டும். சித்தி கையில் ஒரு புதுச் சேலை இருந்தது. நான் வாசலிலேயே நின்றேன்.

"சேலை வேண்டாமுங்க. வேட்டி சட்டை வாங்கியாந்திருக்கறேன்" என்றேன்.

"நீங்க யாரு அதச் சொல்லதுக்கு?" என்றார் சித்தி.

"அவன் என்ற தம்பிங்க."

அவர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். துணியை விலக்கியதும் அதைக் கண்டுவிட்டார். "என்ன எழவு இது" என்று எடுத்துக் குப்பைக் கூடைப் பக்கம் கையை ஓங்கினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "அது அவனோடதுங்க. போட விடமாட்டேன்." உயிர் போனாலும் விடுவதாக இல்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த உன் அம்மா எழுந்து வந்து அதை வாங்கினார்கள். ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்கள். வெளியே நல்ல வெயில். அதைப் பார்த்தார்கள், உன்னைப் பார்த்தார்கள். காமாலை உன் உடம்பு முழுவதையும் மஞ்சளாக்கியிருந்தது. உள்ளங்கை, முகம், கண் எல்லாம். யாரோ கலந்து ஊற்றிய நிறம். உன் சொந்த நிறம் மிச்சமிருந்தது அந்த ஒன்றில் மட்டும்தான்.

"இதுல்லா எம்புள்ள நெறம்" என்றார்கள் அம்மா. "மடில போட்டுக் குளிப்பாட்டுனவ நான். எனக்குத் தெரியாதா?" என்னைப் பார்த்து, "யாரு செஞ்சா இத?" என்றார்கள்.

"நான்தாங்க."

அம்மா தன் கையாலேயே அதை இருந்த இடத்தில் வைத்தார்கள். பிறகு சித்தியிடம், "வேட்டியே கெட்டு" என்றார்கள்.

நீ அம்மா பார்க்கவேண்டும் என்றாயே. பார்த்துவிட்டார்கள் தம்பி.

உன் கவுன்டர் சாம்பிள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீயாக வைத்துக்கொண்ட பெயரை அதன் பின்னால் எழுதியிருக்கிறேன். அந்த ஷேடுக்கு அதுதான் பெயர். உனக்குப் பின் ஒருவர் சொல்லி ஒருவராகப் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள். ஆர்டர் இன்னும் ஓடுகிறது. வீட்டுக்காரர் மாடியில் எனக்கு ஒரு மேஜை போட்டுத் தந்திருக்கிறார், எதற்கென்று கேட்காமலே.

வருகிற ஞாயிறு திண்டுக்கல்லிலிருந்து ஒருவன் வருகிறான். பிளம்பரிடம் வாங்கிய டியூப் அவனுக்குத்தான். "நான் மாநிறங்க்கா" என்று போனில் சொல்கிறான். எல்லோரும் போனில் மாநிறம்தான்.

வரட்டும். வெயிலில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.