ஒரு டிக்தான் போடணுமாம்

குஜிலியம்பாறை,
வியாழக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு, சூர்யகலா எழுதுறேன். முட்டிவலி தேவலையா? போன்ல பேசினா உங்களுக்குக் கேக்கலை, அதான் லெட்டர்.

இன்னைக்கு ஹெட்மாஸ்டரோட சின்னச் சண்டை. படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு ஒரு ஃபார்ம், அதுல மூணு கட்டம். மெதுவாப் படிக்கிறவங்க, அடிக்கடி லீவு, காது கேக்காதவங்க. ஒண்ணுலதான் டிக் போடணுமாம். என் கிளாஸ் வினிதா மூணுலயும் இருக்கா. காது கேக்கலை, அதனால புரியலை, அதனால வரவே பிடிக்கலை. "எதையாச்சும் ஒண்ணு போடுங்க டீச்சர்"ங்கிறார். மூணுலயும் போட்டுட்டு வந்துட்டேன்.

ஆனா எனக்கு எம்மேலதான் அம்புட்டு ஆத்திரமும். எதைக் கேட்டாலும் வினிதா சிரிச்சுத் தலையாட்டுவா. திமிருன்னு நினைச்சு அஞ்சு மாசமா கடைசி பெஞ்சுல உக்கார வச்சேன். நேத்துதான் புரிஞ்சது, அது நீங்க ஆட்டுற அதே தலை.

மெஷினை அலமாரியில வைக்காம காதுல மாட்டுங்க. ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன். கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்கப்பா, சும்மா "சரிம்மா"ங்காதீங்க.

சூர்யா