எனக்கு விழுந்த பக்கம்

பிப்ரவரி 8
லோரனும் நானும் ஆள் நுழையக்கூடிய கோட் அலமாரிக்குள் உட்கார்ந்து பாட்காஸ்ட் பேசுவதைக் கேட்க ஆளே இல்லை. இருக்காதா பின்னே? இரண்டு பேருமே பரம்பரைக் குடியரசுக் கட்சி. புருஷன் சொல்வதற்கெல்லாம் பெண்டாட்டி ஆமாம் போட்டால் எவன் கேட்பான்?

அதனால் இந்தத் தேர்தலில் எங்கள் கட்சி சார்பில் நிற்கும் கேன்ஃபீல்டை ஒருவர் ஆதரிப்பது, ஒருவர் எதிர்ப்பது என்று முடிவு. பூவா தலையா போட்டோம். எனக்கு எதிர்ப்பு விழுந்தது. அவருக்கே ஓட்டுப் போடுவதாக இருந்தவள் நான்! அந்த ஆளைக் கண்டாலே ஆகாத லோரன் ஆதரவு. சிரிப்பை அடக்க முடியாமல் மறுபடி மறுபடி பதிவு செய்தோம்.

மார்ச் 2
கூட்டம் குவிகிறது. "மார்லிஸ் ஒரு துரோகி" என்று ஒருவர் எழுதியிருந்தார். லோரன் அதை நிகழ்ச்சியிலேயே வாசித்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 23, ஞாயிறு
சர்ச்சில் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோகும் விருந்து. சீஸ் போட்டுச் சுட்ட என் உருளைக்கிழங்கு கேசரோலில் ஒருவர்கூடக் கரண்டி வைக்கவில்லை. லோரனின் தங்கை ஜோனி என் பாத்திரத்தை மட்டும் தாண்டித் தாண்டிப் பரிமாறினாள். கொண்டுபோனது அப்படியே வீட்டுக்கு வந்தது. அழுதேன். இந்த ஊரில் இருபத்தைந்து வருஷமாகச் சமைக்கிறேன்.

லோரன் அதை நின்றபடியே தட்டுத் தட்டாகச் சாப்பிட்டான், பாவம். பூவா தலையா போட்டதைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"சொன்னா நம்ம ரெண்டு பேரையும் எவன் நம்புவான்? தேர்தல் வரைக்கும் பொறுத்துக்கடி."

அதுவும் நியாயம்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூன் 15
எதிர்த்துப் பேச வேண்டுமே என்று கேன்ஃபீல்டின் பேச்சுகளை ஒன்றுவிடாமல் படிக்கிறேன். இன்று நான் பேசியதில் எதுவும் நடிப்பில்லை. பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12
மாநிலக் கண்காட்சிக்குக் கேன்ஃபீல்ட் வந்தாராம். லோரனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கைகுலுக்கினாராம். அவர் பேர் போட்ட தொப்பியோடு சாப்பிட உட்கார்ந்தான்.

"வீட்டுக்குள்ள யாரு பாக்கறா? கழட்டேன்" என்றேன். கழற்றவில்லை.

அக்டோபர் 5
நிகழ்ச்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன். அவன் கோபப்படக்கூட இல்லை.

"நீ இல்லாம நான் யாரோட சண்டை போடறது?"

வெளியே ஊர் என்னோடு பேசுவதில்லை. இவனும் பேசுவது மைக் முன்னால் மட்டும்தான்.

நவம்பர் 7
ஓட்டுப் போடப் போகும் வழியில், "இன்னியோட முடிஞ்சுது. பூவா தலையா போட்டதை நாளைக்குச் சொல்லிடலாம், லோரன்" என்றேன்.

அவன் ரோட்டைப் பார்த்தபடி, "என்ன பூவா தலையா?" என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். இல்லை. சுகமில்லாதவளிடம் கேட்பதுபோல அன்பாகத்தான் கேட்டான்.

கேன்ஃபீல்டுக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டேன். லோரன் யாருக்குப் போட்டான் என்று கேட்கவே வேண்டாம்.

நவம்பர் 8
கேன்ஃபீல்ட் ஜெயித்துவிட்டார். லோரன் காலையிலேயே அலமாரியில் இரண்டு நாற்காலியும் போட்டிருந்தான். என் நாற்காலிக்குப் புது மெத்தை வாங்கி வைத்திருக்கிறான்.

"வா, மார்லிஸ். இன்னும் நாலு வருஷம் இருக்கு. நீயே ஆரம்பி."

கோட்டுகளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனேன். வெளியிலிருந்து வரும் சத்தம் மைக்கில் விழக் கூடாதே, கதவை நானே சாத்தினேன்.