குழாய்க்குப் பக்கத்துப் பாத்தி

ஜனவரி 7, புதன்

காலையில் பனி. காய்ச்சல் போய்விட்டது, மூட்டுவலி போகவில்லை. சிக்குன்குனியா என்றால் அப்படித்தான் என்கிறார் டாக்டர். சீப்பைப் பிடிக்கவே விரல் மடங்கவில்லை. களைக்கொத்தை எப்படிப் பிடிப்பது?

வாங்க: எலுமிச்சை, மாத்திரை, வெல்லம் (மீன் கழிவோடு ஊறவைத்துப் பாத்திக்கு ஊற்ற).

ஒரு மாதமாக என் கதவைத் தட்டியவர்கள் பால்காரர், கேஸ்காரர் மட்டும்தான். மார்கழி. எதிர்வீட்டில் தினம் கச்சேரிக்குக் கிளம்பும் சத்தம்.

ஜனவரி 8, வியாழன்

மந்தைவெளியிலிருந்து சாந்தோமுக்கு ஆட்டோ. சமூகத் தோட்டத்தில், குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் என் பாத்தியில் என் கத்தரி இல்லை. புதினா, ஏதோ நாற்று. பலகையில் ‘பர்வீன்’.

பொறுப்பில் இருக்கும் ஸ்டெல்லா டீச்சருக்குப் போன்.

"மூணு ஞாயிறு வரலைன்னா அடுத்தவங்களுக்குக் கொடுக்கறதுதானேம்மா வழக்கம்? குரூப்ல ரெண்டு தடவை கேட்டேனே."

குரூப்பிலிருந்து மழைக்காலத்திலேயே வெளியேறிவிட்டேன். காலை வணக்கம், ரோஜாப்பூ, பொய் வைத்தியம். தாங்கவில்லை.

"உடம்பு சரியில்லை டீச்சர்."

"அய்யோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நான் சொல்லவில்லை.

ஞாயிறு வா, அவங்களை வேற பாத்திக்கு மாத்திடறேன் என்றார். நானே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

ஜனவரி 10, சனி

ஆறாம் அத்தியாயம் மெய்ப்புப் பார்த்துப் பதிப்பகத்துக்கு அனுப்பியாயிற்று. ரசம் மட்டும். உப்பு அதிகம்.

நாளை பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். "இது ஒன்பது வருஷமா என் பாத்தி." நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எட்டுக்கு நாலடி மண்ணுக்கா இவ்வளவு?

ஞாயிறு காலையில் போவதற்கு எனக்கு வேறு இடம் இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

நல்ல வெயில். டீச்சர் சர்ச்சுக்குப் பூசைக்குப் போயிருந்தார். பாத்தியில் பர்வீனும் அவள் மாமியாரும். பர்வீனுக்கு முப்பது இருக்கும்.

"இன்னாக்கா, புச்சா வர்றீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பிடி மண்ணை அள்ளி என் கையில் வைத்தாள். "பாருங்க, எப்டி பொலபொலன்னு கீது! முன்ன இருந்தவங்க மீனு, வெல்லம்லாம் ஊறவச்சு ஊத்துவாங்களாம்."

"அவங்க எங்கே?"

"யாருக்குத் தெரியும்? திடீர்னு வர்றத நிறுத்திட்டாங்க. யாரோடயும் பேச மாட்டாங்களாம். நம்ம மாமிக்குத்தான் ஒரே கவல, உசுரோட கீறாங்களோ இன்னாவோன்னு."

"தனி ஆளாமே, பாவம்," என்றார் மாமியார். "வெள்ளிக்கெழம தொழுதுட்டு அவங்களுக்கும் சேத்து துவா கேட்டேன்."

எனக்காக யாராவது கடைசியாக எதையாவது கேட்டது எப்போது?

மாமியார் வாளியை நீட்டினார். வாங்கி ஊற்றினேன். விரல் பிடிக்காமல் வாளி சாய்ந்து, தண்ணீர் மொத்தமும் நாற்றின் தலையில்.

"அய்ய, தழ மேல ஊத்தாதம்மா! வேர்ல ஊத்து!"

"வுடு மாமி, புச்சுதானே, கத்துக்குவாங்க," என்று பர்வீன் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பேரு இன்னாம்மா?"

வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சரிடம் இன்றே பேச வேண்டும், என்னைக் காட்டிக்கொடுத்துவிட வேண்டாம் என்று.