பூவில் மருந்தடிக்க விடமாட்டேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால்தான் மழை வந்தால் முணுமுணுக்கிறது. உன் மாமாவும் நன்றாகத்தான் இருக்கிறான், அதை என் கையால் எழுத வேண்டியிருக்கிறதே என்றுதான் எரிச்சல். போனில் நீ, "விட்டுடும்மா, கூடப்பிறந்தவர்கிட்ட எதுக்கு வம்பு" என்றாய். நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்.

போன மாதம் துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். தேனீப் பெட்டிகளுக்கு முன்னால் தரையே கறுத்துக் கிடந்தது. குனிந்து பார்த்தால் எல்லாம் என் ஈக்கள். பாதி செத்திருந்தன, மீதி மல்லாந்து நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்த இடத்திலேயே சுற்றின. காலில் மகரந்தம் மஞ்சளாக அப்படியே இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மாமாவின் தர்பூசணிக் கொடி முழுக்கப் பூ, அதன்மேல் காலை வெயிலிலேயே மருந்தடித்துவிட்டுக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். கேட்டால், "அசுவினிப் பூச்சி பிடிச்சிருக்குக்கா, வேடிக்கை பார்க்கச் சொல்றியா?" என்கிறான். சாயங்காலம் ஈக்கள் பெட்டிக்குத் திரும்பின பிறகு அடித்தால் கை கழன்றா விழும்? செத்ததையெல்லாம் வாளியில் வாரிக்கொண்டுபோய்ப் பூச்சிமருந்துக் கடை மேசையில் கொட்டினேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பூச்சி மருந்துன்னா பூச்சி சாகத்தானேம்மா செய்யும்" என்றார். மாமா வாங்கின அதே மருந்து டப்பாவைத் திருப்பி, பூக்கும்போது அடிக்கக் கூடாது என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்ததை அவரையே சத்தமாகப் படிக்க வைத்தேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள், சிரிப்பு நின்றது.

மாமா மட்டும் மசியவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் காலையில் மருந்தடிக்கிற டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தான். சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடிகளுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "என்மேலயும் சேர்த்து அடிடா, இதுங்க வந்து உட்காராம உன் பூ எப்படிக் காயாகும்னு பார்க்கறேன்" என்றேன். "உனக்குப் பைத்தியம்" என்று கத்தினான். அப்பா குடை கொண்டுவந்து கொடுத்து, "கல்யாணத்துக்கு முன்னாடியே இந்த முகத்தைப் பார்த்திருந்தா ஓடியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டார். வெயில் ஏறியது. மாமாதான் முதலில் திரும்பிப் போனான்.

இப்போது பொழுது சாய்ந்த பிறகுதான் அடிக்கிறான், என்னோடு பேசுவதில்லை. மாமிதான் வேலியோரம் வந்து, "இன்னிக்கு அடிக்கறாரு அண்ணி" என்று காதைக் கடித்துவிட்டுப் போகிறாள், நான் பெட்டி வாசலை மூடிவைக்கிறேன். பெட்டிகளில் பாதி காலி. மீதியில் ஒன்றில் ராணி ஈ மறுபடி முட்டையிடத் தொடங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் விற்றுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாய், வரமாட்டேன். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்குவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக நான் செய்தது தப்பாகிவிடாது.

மாமாவுக்குப் போன் பண்ணிப் பேசு, சண்டை எனக்கும் அவனுக்கும்தான், நான் சொன்னதாகச் சொல்லாதே. தலைமுடி காயாமல் படுக்காதே. ஆபீசில் உன் வேலையை வேறு யாரோ தன் பேரில் காட்டுகிறார்கள் என்றாயே, அதையும் விட்டுவிடாதே. மரியாதையாகக் கேள், ஆனால் கேள். எங்கே இருந்தாலும் நிமிர்ந்து நட, குறையில்லாமல் இருப்பாய்.

உன் அம்மா
(அப்பா படித்துப் பார்த்தார், ஒரு வரியும் அடிக்கவில்லை.)